உடைத்தவர் யார்?

மோட்டார் வண்டியின் உறுப்புகளுக்குள்ளே ஸ்பார்க் பிளக்கைப்போல் சாதுவான உறுப்பு வேறில்லை. விரல் நீளமுள்ள அந்தச் சிறு சாமான் என்ஜினின் தலையிலே திருகப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழிக்குள் உட்கார்ந்துகொண்டு, வருஷக் கணக்கில் முணுமுணுக்காமல் வேலை செய்கிறது. வண்டிக்காரர் டயரைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் கட்டுவார். பிளக்கை மட்டும் நினைக்கமாட்டார். ஆனால் ஒரு நாள், பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று மெக்கானிக் ஸ்பானரைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சப்தம் கேட்கிறது. மேல் பாதி கையோடு வருகிறது. கீழ்ப் பாதி என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த நிமிஷத்திலிருந்து பட்டறையில் வேறு பேச்சே கிடையாது. வண்டிக்காரர் மெக்கானிக்கைப் பார்க்கிறார். மெக்கானிக் பட்டறைப் பையனைப் பார்க்கிறார். பையன் தரையைப் பார்க்கிறான்.

"உடைத்தவர் யார்?" என்பதுதான் அங்கே எழுகிற கேள்வி. அந்தக் கேள்வியை இந்த வாரம் சற்று நிதானமாக விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

லாரிப் பட்டறைச் சமாசாரம் நமக்கெதற்கு என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். திருமயிலைத் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் விடியற்காலையில் வந்து இறங்கும் கத்தரிக்காய் எதில் வருகிறது? தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாகத் துணி எதில் வருகிறது? அடையாற்றில் வீடு மாற்றுகிற குடும்பத்தாரின் கட்டில், பீரோ, அண்டா, துளசி மாடம் எல்லாம் எதில் ஏறிப் போகின்றன? பெரும்பாலும் "குட்டி யானை"யில்தான். டாடா கம்பெனியார் 2005-ஆம் ஆண்டில் "ஏஸ்" என்று பெயரிட்டு வெளியிட்ட சிறிய லாரிக்கு நம்முடைய ஜனங்கள் சூட்டிய திருநாமம் அது. ஒரு மனிதர் கடன் வாங்கி ஒரு குட்டி யானை வாங்குகிறார். அவரே முதலாளி, அவரே டிரைவர், பல சமயங்களில் மூட்டை தூக்குகிறவரும் அவரே. அந்த வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. மாதத் தவணை மட்டும் நிற்காது. ஆகவே, கடுகத்தனை பிளக்குக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது.

முதலில் வந்த குட்டி யானைகள் டீசலில் ஓடியவை. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிகவும் இறுக்கி அழுத்துவதால் பிறக்கும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பின்னர் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கும், சி.என்.ஜி. என்கிற அழுத்தப்பட்ட வாயுவில் ஓடும் வண்டிகளுக்கும் பிளக் அவசியம். பெட்ரோல் குட்டி யானைக்கு இரண்டே சிலிண்டர். ஆகவே இரண்டே பிளக். அதில் ஒன்று உடைந்தால் யானைக்குப் பாதி உயிர் போன மாதிரிதான்.

பிளக்குக்கும் நம் ஊர் லாரிக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. மவுண்ட் ரோட்டுச் சிம்ஸன் கம்பெனியார் 1903-இல் சென்னையிலேயே ஒரு மோட்டார் வண்டி செய்தார்கள். அது நீராவியில் ஓடியது. அதற்குப் பிளக் தேவைப்படவில்லை. அதற்கு முந்திய வருஷந்தான், அதாவது 1902-இல், ஜெர்மனியில் பாஷ் கம்பெனியைச் சேர்ந்த காட்லோப் ஹொனால்ட் என்னும் என்ஜினீயர், மிகுந்த அழுத்தமுள்ள மின்சாரத்தை உண்டாக்கும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் செய்து காட்டினார். பிறகு நமது சாலைகளில் ஓடிய பெட்ரோல் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பிளக்கே உயிர்நாடியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகிலே கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள் அல்லவா? அந்தக் கரி வாயுவையும் இதே பிளக்தான் பற்றவைத்தது. 1950-க்குப் பின் எண்ணூரில் லேலண்டு லாரிகளும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா லாரிகளும் உற்பத்தியாகத் தொடங்கின. அவை டீசல் லாரிகள். ஆகவே பிளக் மெல்ல மெல்ல லாரியைவிட்டு விலகிக் காரோடும் ஸ்கூட்டரோடும் குடித்தனம் நடத்தப் போய்விட்டது. இப்போது சி.என்.ஜி.யின் தயவால் அது மறுபடியும் லாரிக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் பழைய பிளக்காகத் திரும்பவில்லை. இளைத்துப் போய்த் திரும்பியிருக்கிறது.

இளைத்தது என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. பழைய என்ஜின்களில் பிளக்கின் மரை 18 மில்லிமீட்டரும் 14 மில்லிமீட்டரும் கனமிருக்கும். இக்கால என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் நான்கு வால்வுகள்கூட நெருங்கி நிற்கின்றன. நடுவே பிளக்குக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஆகவே 12 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று அது மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. மெலிந்த கழுத்து எளிதில் ஒடியும். வேலையோ குறையவில்லை. நிமிஷத்துக்கு 3000 தடவை சுழலும் என்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1500 தடவை பொறி விடுகிறது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட, பதினாயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் வேண்டும். சி.என்.ஜி. வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. ஆகையால் அந்த வண்டிகளில் பிளக் சீக்கிரம் தேயும். அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது இதன் பொருள். அடிக்கடி மாற்றினால் அடிக்கடி உடையும் சந்தர்ப்பமும் ஏற்படும் அல்லவா?

சரி, பிளக் ஏன் உள்ளே இறுகிக்கொள்கிறது? நமது வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல வருஷம் கழற்றாத வைரத்தோட்டின் திருகாணி வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? இடுக்கி எடுத்துக்கொண்டு பாய்வதில்லை. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்து, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பார்க்கிறார்கள். என்ஜினுக்கும் இதே சாஸ்திரந்தான்.

பிளக்கின் உடம்பு எஃகு. அது திருகப்படும் ஹெட் அலுமினியம். உஷ்ணத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் சூடேறி, தினமும் ஆறி, இந்த இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன. போதாததற்கு நம் சென்னையிலே கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து மரை இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கங்களில் ஏராளமான வண்டிகளை மூழ்கடித்தது. அப்படி நீரில் நின்ற வண்டியின் பிளக் குழியில் தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் உடனே துடைத்து எடுக்காவிட்டால், துரு பிடிப்பதற்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு ஒரு முறை பிளக் மாற்றியவர் "இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே" என்று எண்ணிப் பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருப்பார். 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு வேண்டிய முறுக்கு எவ்வளவு தெரியுமா? கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 4 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்குவது பலமல்ல. பின்னால் வருகிறவருக்கு வைத்துவிட்டுப் போகும் கண்ணி.

இந்த விஷயத்தில் உலகப் பிரசித்தமான வழக்கு ஒன்று உண்டு. மறைமலை நகரில் 1999 முதல் 2022 வரையில் கார் செய்த போர்டு கம்பெனியின் தாய்க் கம்பெனி, அமெரிக்காவில் லாரிகளுக்குப் பேர் போனது. அவர்களுடைய 8 சிலிண்டர் டிரைட்டன் என்ஜினில் முதலில் பிளக்குக்கு மரை போதவில்லை. சுமார் நாலே சுற்று மரைதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே சில வண்டிகளில் ஓடும்போதே பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பிறகு 2004-ஆம் வருஷ மாடல் முதல், 5.4 லிட்டர் அளவில் 24 வால்வுகளோடு புதிய என்ஜின் வந்தது. இதில் பிளக் நேர்மாறான குணத்தைக் காட்டியது. வெளியே வரவே மறுத்தது!

காரணம் என்னவென்றால், அந்தப் பிளக் ஒரே துண்டாகச் செய்யப்படவில்லை. மேலே மரையுள்ள உடம்பு ஒரு துண்டு. கீழே மரையில்லாத நீண்ட குழல் மற்றொரு துண்டு. இரண்டையும் மடித்துக் கவ்வ வைத்திருந்தார்கள். குழலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நாளடைவில் கரி படிந்து கெட்டியாகிவிட்டது. லட்சக்கணக்கான மைல்கள் ஓடிய பின்னல்ல. ஒரு லட்சம் மைல் வரையில், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர் வரையில், பிளக்கைத் தொட வேண்டியதில்லை என்றுதான் கம்பெனியே சொல்லியிருந்தது. அத்தனை காலமும் தொடாமலிருந்து பிறகு திருகினால், மேல் துண்டு சுழலும். கீழ்த் துண்டு அசையாது. கவ்விய இடத்தில் பிரிந்துபோகும். எட்டுப் பிளக்குகளில் ஒன்றல்ல, இரண்டல்ல, பாதிகூட இப்படி முறிந்த வண்டிகள் உண்டு.

2008-இல் கம்பெனியார் தங்கள் பட்டறைகளுக்கு ஒரு முறையை எழுதி அனுப்பினார்கள். அதன் சாரம் இதுதான்: என்ஜின் நன்றாக ஆறும்வரையில் பிளக்கைத் தொடாதே. குழியிலுள்ள தூசியைக் காற்றால் ஊது. அரைக்கால் சுற்று முதல் கால் சுற்று வரையில் மட்டும் தளர்த்து. அதற்கு மேல் வேண்டாம். கரியைக் கரைக்கும் திரவத்தைக் குழியில் சிறிது விட்டு, குறைந்தது 15 நிமிஷம் காத்திரு. பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடு. அப்படியும் முறிந்தால், உள்ளே தங்கிய குழலின் உட்புறத்தில் புதிதாக மரை வெட்டி, அதில் ஒரு திருகைப் பூட்டி, மேல் நோக்கி இழு.

நேயர்கள் கவனிக்க வேண்டும். உலகத்திலேயே பெரிய மோட்டார் கம்பெனிகளில் ஒன்றின் என்ஜினீயர்கள் கூடி ஆலோசித்துச் சொன்ன வைத்தியம், எண்ணெய் விட்டுக் காத்திருந்து மெல்ல அசைக்க வேண்டும் என்பதே. நம் பாட்டி திருகாணிக்குச் செய்த வைத்தியத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அது மட்டுமல்ல. அந்த அமெரிக்கப் பட்டறைகளில் "டக்" என்ற சப்தம் மெக்கானிக்கின் கையில்தான் கேட்டது. ஆனால் பிளக் முறிவதற்கு வேண்டிய ஏற்பாடு முழுவதும் பல வருஷங்களுக்கு முன்பே, படம் வரைகிற மேஜையில் முடிந்துவிட்டது. பின்னர் கம்பெனியாரே ஹெட்டின் அமைப்பை மாற்றினார்கள். வேறு சிலர் ஒரே துண்டான பிளக்குகளைச் செய்து விற்றார்கள். குற்றம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

நம் ஊர்க் குட்டி யானையில் அப்படி இரண்டு துண்டுப் பிளக் இல்லை. ஆனால் நியாயம் ஒன்றேதான். இன்று முறியும் பிளக், பெரும்பாலும் என்றைக்கோ முறிந்துவிட்ட பிளக். முன்பு அளவு தெரியாமல் இறுக்கியவர், மாற்ற வேண்டிய காலத்தில் "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று தள்ளிப் போட்டவர், மழை நீர் புகுந்ததைத் துடைக்காமல் விட்டவர் என்று எத்தனையோ கைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. பழி மட்டும் கடைசியாகத் தொட்டவன் தலையில் விழுகிறது. தொண்ணூறு பேர் கலக்கிய குட்டையில் கடைசியாகக் காலை வைத்தவனைப் பிடிப்பதுபோல!

அதற்காகக் கடைசிக் கைக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கை செய்யக்கூடிய நன்மையும் பெரிது, தீமையும் பெரிது. ஓடி நின்ற என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பானரைப் போட்டால் அலுமினிய மரை பிளக்கோடு பிய்ந்து வரும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது அடுப்பங்கரைக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. ஸ்பானரைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். ஆகவே, ஆறிய என்ஜினில், குழியை ஊதிச் சுத்தம் செய்து, ஸ்பானரை நேராக நிறுத்தி, துரு நீக்கும் எண்ணெயை விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊற வைத்து, கால் சுற்றுத் தளர்த்தி, பாதி சுற்றுத் திரும்ப முடுக்காமல் சிறிதே பின்வாங்கி, மறுபடி தளர்த்தி, இப்படியே எடுக்க வேண்டும்.

அப்படியும் முறிந்துவிட்டால்? முறிந்ததில் மூன்று விதம் உண்டு. பீங்கான் மட்டும் ஒடிந்து, ஸ்பானர் பிடிக்கும் அறுகோண முடி மிஞ்சியிருந்தால் பயமில்லை, வழக்கம்போல் கழற்றலாம். முடியும் போய், மரைக் குழல் மட்டும் உள்ளே நின்றால், அதற்குள் "ஈஸி அவுட்" என்னும் கருவியைத் தட்டி இறக்கி இடப்புறமாகத் திருப்ப வேண்டும். சங்கு முறுக்குள்ள கருவியைவிட நாலு பட்டையுள்ள கருவி நல்லது. சங்கு முறுக்கு, மெல்லிய குழலை அகட்டி மேலும் இறுக்கிவிடும். மூன்றாவது விதம், ஹெட்டின் மரையே பிய்ந்து போவது. அப்போது துளையைச் சற்றுப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் மரையைப் பதிக்க வேண்டும். அல்லது ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய சாமானும், புதுப்பேட்டையில் பழைய சாமானும் கிடைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் ஹெட்டைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டால், பிளக்கின் விலை எங்கே, செலவு எங்கே!

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிளக்கின் வெள்ளைப் பகுதியை நாம் பீங்கான் என்று சாதாரணமாகச் சொல்லுகிறோம். உண்மையில் அது அலுமினா. மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள்; கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. அதன் துணுக்கு ஒன்று சிலிண்டருக்குள் விழுந்து, அதை வைத்துக்கொண்டு என்ஜினை ஓட்டினால், சிலிண்டரின் வழவழப்பான சுவரில் கோடு கோடாகக் கீறிவிடும். ஆகவே நல்ல தொழிலாளி, கருவியின் பள்ளங்களில் கிரீஸைத் தடவிக்கொள்கிறார். துணுக்குகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கிறார். பிளக் போடாமலே என்ஜினை நாலு சுற்றுச் சுற்றி, மிஞ்சியதை ஊதி வெளியேற்றுகிறார். பிறகுதான் புதிய பிளக். அதையும் முதலில் வெறுங்கையாலேயே கடைசி வரையில் திருகி, பிறகே ஸ்பானரைத் தொடுகிறார்.

இந்த வேலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு, மெக்கானிக் பெரும்பாலான நேரம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுபோல் தோன்றும். எண்ணெயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். வந்து ஒரு தடவை அசைக்கிறார். மறுபடியும் சும்மா நிற்கிறார். "இதற்கா இவ்வளவு கூலி?" என்று வண்டிக்காரருக்குக் கோபம் வருகிறது. சுத்தியலை எடுத்துப் படபடவென்று தட்டி, வேர்க்க விறுவிறுக்க வேலை செய்கிறவரைக் கண்டால்தான் நமக்கெல்லாம் கூலி கொடுக்க மனம் வருகிறது. கை அசைந்ததற்குக் கூலி உண்டு. கை அசையாமல் பொறுத்திருந்ததற்குக் கூலி இல்லை என்பது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். அந்த வழக்கந்தான் நல்ல மெக்கானிக்குகளையும் அவசரக்காரர்களாக ஆக்குகிறது. காத்திருப்பதற்குப் பணம் கிடையாதென்றால் யார் காத்திருப்பார்கள்?

வண்டிக்காரரின் கஷ்டமும் பொய்யல்ல. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் நஷ்டம். ஆகையால் இருவருக்கும் பொருந்தக்கூடிய சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம். பிளக் மாற்ற வேண்டிய வண்டியைச் சவாரி இல்லாத நாளுக்கு முந்திய மாலையில் பட்டறையில் விடலாம். எண்ணெயும் ஊறும், என்ஜினும் ஆறும், பகல் வருமானமும் கெடாது. ஸ்பானரைப் போடுவதற்கு முன்பே, "முறிந்தால் என்ன செய்வது, செலவு யாருடையது?" என்று இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளலாம். முறிந்த பிறகு பேசினால் அது சண்டை. முறிவதற்கு முன் பேசினால் அது ஒப்பந்தம். கம்பெனி சொன்ன காலத்தில் பிளக்கை மாற்றி, மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். பட்டறைப் பையனைத் திட்டுவதைவிட, அளவோடு முறுக்குவது எப்படி என்று அவனுக்குக் கற்றுக் கொடுக்கலாம். அடுத்த பிளக் அவன் கையில்தான் கழலப் போகிறது.

கடைசியாக, வண்டியும் இல்லாமல் பட்டறையும் இல்லாமல் வீட்டிலிருந்து இதைப் படிக்கிற நமக்கு வருவோம். பிளக்கை உடைத்த கைகளின் ஜாபிதாவில் நம்முடைய கையும் உண்டு. "ஒன்பது மணிக்கு லாரி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று டெலிபோனில் நாம் போடும் அதட்டல், வண்டிக்காரர் மூலமாக மெக்கானிக்குக்கும், மெக்கானிக் மூலமாக ஸ்பானருக்கும், ஸ்பானர் மூலமாக அந்த மெலிந்த கழுத்துக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே, அடுத்த தடவை வீடு மாற்றும் அன்று, "சார், என்ஜினிலே பிளக் மாட்டிக்கொண்டது, நாளைக் காலையில் வருகிறேன்" என்று குட்டி யானைக்காரர் சொன்னால், முகூர்த்தம் தவறாத பட்சத்தில், "அவசரமில்லை அப்பா, ஆற விட்டு எடுக்கச் சொல்" என்று பதில் சொல்லுவோம். பீரோ இன்னும் ஒரு ராத்திரி பழைய வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.